ஒட்டுப்போட்ட பாட்டும் ஒட்டவைத்த குழுவும்



மேல்நாட்டு வெகுசன இசை பற்றிய இந்தப் பேச்சு வரிசையில் எனக்கு முன்னால் வந்தவர்கள் ஜாஸ், ப்ளூஸ், ரெகே என்று கொஞ்சம் கௌரவமான தலைப்புகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் கிடந்தது யூரோடான்ஸ். தலைப்பை அறிவித்தபோது முன்வரிசையில் ஒரு சிரிப்பு கேட்டது. நியாயந்தான். இயந்திரத் தாளம், நாலு வரி ராப், ஒரு பெண்குரல் பல்லவி, பளபளக்கும் சட்டை. யூரோடான்ஸ் என்றதும் நினைவுக்கு வருவது இவ்வளவுதான். நான் ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்கிறேன். அதற்கே நேரம் போதாது என்பது என் பயம்.

பாட்டின் பெயர் ‘தி பவர்’. குழுவின் பெயர் ஸ்னாப். பெயருக்குப் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியையும் சேர்த்தே எழுதுவார்கள். ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரத்திலிருந்து வந்த இந்தக் குழுவுக்கு இதுதான் முதல் சிங்கிள். சிங்கிள் என்றால் ஒரு பாட்டை மட்டும் தாங்கி விற்பனைக்கு வரும் தட்டு. 1990-ஆம் ஆண்டு தொடக்கத்தில் வெளியானது. மார்ச் 31 தேதியிட்ட பிரிட்டன் தரவரிசையில் முதலிடம் பிடித்து இரண்டு வாரம் அங்கே இருந்தது. நெதர்லாந்து, ஸ்பெயின், சுவிட்சர்லாந்து நாடுகளிலும் முதலிடம். பிறந்த நாடான ஜெர்மனியில் 2-ஆம் இடம். அந்தக் கோடையில் அமெரிக்காவின் பில்போர்டு ‘ஹாட் 100’ பட்டியலிலும் 2-ஆம் இடம். பத்து லட்சம் பிரதிகளுக்குரிய பிளாட்டினம் சான்றிதழும் அங்கே கிடைத்தது. முதல் தட்டிலேயே இப்படி ஒரு ஓட்டம் எந்தக் குழுவுக்கும் எளிதில் வாய்ப்பதில்லை.

‘எந்தக் குழுவுக்கும்’ என்று சொல்லிவிட்டேன். அங்கேதான் சிக்கல். இந்தப் பாட்டு முதலில் உருவானபோது ஸ்னாப் என்ற பெயர் இருந்தது. அந்தப் பெயரோடு மேடையேறி நிற்க ஆள் இல்லை. பாட்டு கிளப்பிய தகராறுதான் பிறகு ஆள் தேட வைத்தது. அந்தத் தகராறு வராமல் போயிருந்தால், அடுத்த ஐந்தாறு ஆண்டுகள் ஐரோப்பாவை ஆட்டிவைத்த யூரோடான்ஸ் வேறு வடிவத்தில் இருந்திருக்கும் என்பது என் கட்சி.

முதலில் ஊரைப் பார்க்கவேண்டும். பிராங்க்ஃபர்ட் என்றால் நமக்கு வங்கிகளும் விமான நிலையமும் புத்தகக் கண்காட்சியும். அன்றைய இளைஞருக்கு அது வேறு. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் மேற்கு ஜெர்மனியில் அமெரிக்கப் படைகள் தங்கிவிட்டன. எண்பதுகளில்கூட இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் அந்த நாட்டில் இருந்தார்கள். அவர்களுடைய ஐந்தாம் படைப்பிரிவின் தலைமையகம் பிராங்க்ஃபர்ட்டில், ஐ.ஜி. ஃபார்பன் என்ற ரசாயன நிறுவனத்தின் பழைய மாளிகையில் இயங்கியது. இன்று அங்கே பல்கலைக்கழகம் நடக்கிறது. அமெரிக்க ராணுவ வானொலியின் நிலையமும் இதே ஊரில். அது சிப்பாய்களுக்காக ஒலிபரப்பியது. ஆனால் காற்றுக்கு வேலியா போட முடியும்? சோல், ஃபங்க், பிறகு ராப் என்று நியூயார்க்கில் பிறந்தவை எல்லாம் ஜெர்மன் வீட்டுப் பிள்ளைகளின் படுக்கையறைக்குள் வந்து விழுந்தன. வார இறுதியில் கையில் சம்பளத்தோடு முகாமை விட்டு வெளியே வரும் கறுப்பினச் சிப்பாய்களுக்காகவே ஊர்ப் புறத்தில் நடன விடுதிகள் முளைத்தன. ராப் பாடத் தெரிந்தவர், ஆடத் தெரிந்தவர், கோயில் பாட்டில் பழகிய குரல் உடையவர் என்று அமெரிக்கத் திறமை ஜெர்மன் ஸ்டூடியோக்களுக்குப் பக்கத்துத் தெருவிலேயே கிடைத்தது.

இன்னொன்று, டோரியன் கிரே. 1978-இல் பிராங்க்ஃபர்ட் விமான நிலையக் கட்டடத்துக்குள்ளேயே திறந்த நடன விடுதி. அதன் ஒலியமைப்பைச் செய்தவர் நியூயார்க்கின் பெயர்பெற்ற விடுதிகளுக்கு ஒலியமைத்த ரிச்சர்ட் லாங். மிகாயேல் முன்ட்சிங் அங்கே தட்டு சுழற்றிய டிஜேக்களில் ஒருவர். அவருடன் சேர்ந்தவர் லூக்கா அன்சிலோட்டி. பின்னாளில் டெக்னோ உலகில் பெரும்பேர் எடுத்த ஸ்வென் வேத்தைக் குரலாக வைத்துக்கொண்டு இந்த இருவரும் ‘ஓ.எஃப்.எஃப்.’ என்ற பெயரில் 1986-இல் ‘எலெக்ட்ரிகா சால்சா’ என்ற பாட்டைச் செய்து வெற்றி கண்டிருந்தார்கள். ஆக, கத்துக்குட்டிகள் இல்லை. சனிக்கிழமை இரவு இரண்டு மணிக்கு எந்தத் தாளத்தைப் போட்டால் தளம் நிறையும், எதைப் போட்டால் கூட்டம் மதுக்கடைப் பக்கம் நகரும் என்று அனுபவத்தில் அறிந்தவர்கள்.

ஆனால் ‘தி பவர்’ தட்டில் இந்த இரண்டு பெயரையும் தேடினால் கிடைக்காது. பெனிட்டோ பெனிட்டெஸ் என்றும் ஜான் ‘விர்கோ’ காரெட் மூன்றாமவர் என்றும் போட்டிருக்கும். முன்ட்சிங்தான் பெனிட்டெஸ், அன்சிலோட்டிதான் காரெட். கறுப்பின நடன இசை என்று விற்கும் தட்டில் ஜெர்மன் பெயர் இருந்தால் அமெரிக்க டிஜே கையில் எடுப்பானா என்ற யோசனை அதன் பின்னால் இருந்திருக்கலாம் என்று நான் ஊகிக்கிறேன். அந்த ‘மூன்றாமவர்’ என்பதுதான் எனக்குப் பிடித்தது. இல்லாத ஒரு மனிதருக்கு அப்பாவும் தாத்தாவும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள்!

இனி பாட்டு. இது துணுக்குத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வை. எண்பதுகளின் கடைசியில் சாம்ப்ளர் என்ற கருவி சிறு ஸ்டூடியோக்களும் வாங்கக்கூடிய விலைக்கு இறங்கியிருந்தது. வேறொரு தட்டிலிருந்து ஒரு விநாடி முழக்கத்தையோ ஒரு வரிக் குரலையோ எடுத்து, அந்தக் கருவிக்குள் வைத்து, விசையைத் தட்டித் தட்டித் திரும்ப வரவழைக்கலாம். இப்படி எடுத்த துண்டுக்கு சாம்பிள் என்று பெயர். ‘தி பவர்’ முதல் பதிப்பில் மூன்று முக்கியத் துண்டுகள்.

தாளம் மான்ட்ரானிக்ஸ் என்ற நியூயார்க் குழுவின் ‘கிங் ஆஃப் த பீட்ஸ்’ தட்டிலிருந்து வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தட்டே மற்றவர் தட்டுகளிலிருந்து வெட்டி எடுத்த துண்டுகளால் ஆனது. திருட்டு என்று சொல்லவரவில்லை. ஹிப்-ஹாப் வளர்ந்த விதமே அது.

ராப், சில் ராப் ஜி என்பவருடையது. நியூ ஜெர்சிப் பக்கத்து ராப்பர். டிஜே மார்க் 45 கிங், குயின் லத்தீஃபா முதலானோர் இருந்த ஃப்ளேவர் யூனிட் கூட்டத்தைச் சேர்ந்தவர். அவருடைய ‘லெட் த வேர்ட்ஸ் ஃப்ளோ’ பாட்டின் குரல் அப்படியே எடுத்தாளப்பட்டது. அந்நாள் ராப் தட்டுகளில் இசையில்லாமல் குரலை மட்டும் தனியாகப் பதித்து ஒரு பக்கத்தில் வைப்பது வழக்கம். டிஜேக்கள் தங்களுக்குப் பிடித்த தாளத்தின் மேல் அதை ஓட்டிப் பார்க்கட்டும் என்பதற்காக. வாசலைத் திறந்து வைத்தால் யாராவது உள்ளே வரத்தான் செய்வார்கள்.

மூன்றாவது, பாட்டின் உயிர். தன்னிடம் ஆற்றல் இருக்கிறது என்று ஒரு பெண் உரக்க அறிவிக்கும் அந்த முழக்கம். அது ஜோஸ்லின் பிரவுன் குரல். வட கரோலினாவில் பிறந்து, 1984-இல் ‘சம்படி எல்ஸஸ் கை’ பாட்டால் பேர் வாங்கியவர். தேவாலயப் பாட்டில் உரமேறிய சாரீரம். மேல் ஸ்தாயியில் நின்றாலும் மெலியாது. அவர் 1985-இல் பாடிய ‘லவ்ஸ் கோனா கெட் யூ’ என்ற பாட்டின் நடுவே வந்துபோகும் ஒரு சொற்றொடர்தான் இது. அந்தப் பாட்டு வந்த காலத்தில் பெரிதாக ஓடவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஓடாத அந்தப் பாட்டிலிருந்து பிறகு எத்தனை வெற்றிகள் கிளைத்தன என்று பாருங்கள். 1990-இல் ஸ்னாப் ஒரு துண்டை எடுத்தது. அதே 1990-இல் நியூயார்க்கில் கே.ஆர்.எஸ்-ஒன் என்ற ராப்பரின் குழுவான பூகி டவுன் புரொடக்‌ஷன்ஸ் வேறொரு துண்டை எடுத்து, போதைப்பொருள் விற்பனையில் சிக்கிக்கொள்ளும் ஒரு பையனின் கதையைச் சொல்லிற்று. 1992-இல் இங்கிலாந்தின் பிசார் இன்க் குழு மூன்றாவதாக ஒரு துண்டை எடுத்து, ஆஞ்சி பிரவுனை வைத்துப் பாடவைத்து, பிரிட்டனில் 3-ஆம் இடம் வரை போயிற்று. ஒரே பாட்டு; மூன்று கத்தரிக்கோல். அதை எழுதியவரும் பாடியவரும் எந்த இடத்தில் என்ன செய்துவைத்திருக்கிறார்கள் என்று மற்றவர்கள் வெட்டி எடுத்துக் காட்டிய பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. தரவரிசைகளில் தடம் பதிக்காத தட்டு பயனற்ற தட்டு என்று நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

இந்த மூன்று துண்டுகளோடு நாலாவதாக ஒன்று, பாட்டு தொடங்கும் முன்பே கேட்கும். ரஷ்ய மொழியில் ஓர் ஆண்குரல், செய்தி வாசிப்பதுபோல, உணர்ச்சியே இல்லாமல் ஒரு வாக்கியம் சொல்லும். ஏதோ உளவுத்துறை ரகசியம் என்று கேட்டவர்களுக்குத் தோன்றும். உண்மையில் அது ஒரு வணிகச் செய்தி: டிரான்செப்டர் டெக்னாலஜிஸ் என்ற அமெரிக்க நிறுவனம் புதிய வகைக் கணினி ஒன்றைத் தயாரிக்கத் தொடங்கியிருக்கிறது என்பது. அந்தக் கணினி பார்வையற்றவர்களுக்காகச் செய்யப்பட்டது. பெர்லின் சுவர் திறந்தது 1989 நவம்பர் 9-ஆம் தேதி. இரண்டே மாதத்தில், அமெரிக்கப் படை இன்னும் முகாமிட்டிருக்கும் ஒரு ஜெர்மன் நகரத்திலிருந்து, ரஷ்ய மொழிச் செய்தியோடு தொடங்கி அமெரிக்கக் குரலில் முழங்கும் பாட்டு வருகிறது. திட்டமிட்டுச் செய்தார்களா, காதுக்கு நன்றாக இருந்தது என்று வைத்தார்களா என்பதை நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. காலம் மட்டும் கச்சிதமாக அமைந்துவிட்டது.

பாட்டு நடன விடுதிகளில் பற்றிக்கொண்டது. அமெரிக்காவில் வெளியிடும் உரிமையை அரிஸ்டா என்ற பெரிய நிறுவனம் வாங்கியது. பணம் வரப்போகிறது என்று தெரிந்ததும் பங்காளிகள் கண்விழிப்பது உலக வழக்கம். சில் ராப் ஜியின் தட்டுகளை வெளியிட்டுவந்த வைல்ட் பிட்ச் என்ற சிறு நிறுவனம், எங்கள் ஆளின் குரலை வைத்து நீங்கள் எப்படி விற்கலாம் என்று எழுந்தது. எழுந்ததோடு நிற்கவில்லை. பவர் ஜாம் என்ற பெயரில், சில் ராப் ஜியின் பெயரையும் சேர்த்துப் போட்டு, அதே பாட்டைத் தானே ஒரு தட்டாக வெளியிட்டுவிட்டது. 1990-இல் அமெரிக்கக் கடைக்குப் போய் ‘தி பவர்’ வேண்டும் என்று கேட்டால், எந்த ‘தி பவர்’ என்று கடைக்காரர் திருப்பிக் கேட்கும் நிலை.

அரிஸ்டா வழியாக வரவேண்டிய தட்டுக்குப் புதுக் குரல்கள் தேவைப்பட்டன. ராப் பகுதிக்கு வந்தவர் டரன் பட்லர், மேடைப்பெயர் டர்போ பி. பிட்ஸ்பர்க்காரர், அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து ஜெர்மனியில் பணியாற்றியவர். நான் முன்பு சொன்ன சிப்பாய்க் கதை இங்கே வந்து சேருகிறது. குரலில் கரகரப்பு, உச்சரிப்பில் அதிகாரம். ராணுவ மைதானத்தில் ஆணையிடும் தோரணை. ஜோஸ்லின் பிரவுனின் முழக்கத்தை மறுபடி பாடவும், கூடுதலாக ராகம் சேர்க்கவும் வந்தவர் அமெரிக்கப் பாடகி பென்னி ஃபோர்ட். முன்பே தன் பெயரில் தட்டு வெளியிட்டிருந்த, தொழில் தெரிந்த பாடகி.

இவர்கள் வந்ததும் ஸ்னாப் ஒரு குழு ஆயிற்று. ஓர் ஆண் ராப்பர், ஒரு பெண் பாடகி, பின்னால் கண்ணுக்குத் தெரியாத இரண்டு தயாரிப்பாளர்கள். இந்தச் சேர்மானத்தை யாரும் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு வெவ்வேறு தட்டுகளிலிருந்து எடுத்த இரண்டு துண்டுகளில் ஒன்று ஆணுடையதாகவும் மற்றது பெண்ணுடையதாகவும் இருந்தது. துண்டுகளைத் தூக்கிவிட்டு அந்த இடங்களில் ஆட்களை உட்காரவைத்தார்கள். சாம்பிள் விட்டுப்போன அச்சில் ஊற்றி எடுத்த குழு அது. அடுத்து வந்தவர்கள் அச்சை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு சின்ன வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பாட்டில் ராப்பர் தன் வரிகள் காப்புரிமை பெற்றவை, அதனால் யாரும் திருடமுடியாது என்று பெருமையடித்துக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. இத்தனை கைமாறி வந்த பாட்டில் அந்த வரியைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

காணொளி எடுக்கும்போது கதையில் இன்னொரு திருப்பம். திரையில் பாடுவதாக வாயசைத்தவர் பென்னி ஃபோர்ட் இல்லை; ஜாக்கி ஹாரிஸ் என்ற வேறொருவர். ஆக, அந்த ஒரு முழக்கத்தை முதலில் பாடியவர் ஒருவர், மறுபடி பாடியவர் ஒருவர், பாடியதுபோல நடித்தவர் ஒருவர்.

நம்மில் சிலர் இதில் என்ன பிழை என்று நினைக்கலாம். நினைப்பது இயல்பு. நாம் டி.எம்.எஸ். குரலில் எம்.ஜி.ஆரையும் சிவாஜியையும் பார்த்து வளர்ந்தவர்கள். முகம் ஒருவருடையது, குரல் ஒருவருடையது என்பதில் நமக்கு அதிர்ச்சியே கிடையாது; பாட்டுப் புத்தகத்திலும் இசைத்தட்டு உறையிலும் பாடியவர் பெயர் அச்சாகியிருக்கும், வானொலியில் பெயர் சொல்லித்தான் பாட்டு போடுவார்கள். பின்னணிப் பாடகருக்கென்று தனி ரசிகர் கூட்டமே உண்டு. ஐரோப்பிய நடன இசையில் நடந்தது வேறு. அங்கே பாடியவர் பெயர் மறைக்கப்பட்டது. வாயசைப்பவரே பாடுகிறார் என்று மக்கள் நம்பவேண்டும் என்பதுதான் ஏற்பாடு. குரலும் முகமும் வேறு வேறாக இருப்பதில் எனக்குக் குறையில்லை; உறையில் பெயர் போடாததுதான் குறை.

இது ஸ்னாப் மட்டும் செய்த காரியமும் இல்லை. 1989-இல் இத்தாலியின் பிளாக் பாக்ஸ் குழு ‘ரைட் ஆன் டைம்’ என்ற பாட்டோடு வந்தது. அதுவும் முதல் சிங்கிள். பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடம். அந்த ஆண்டு அங்கே மிக அதிகமாக விற்ற தட்டு. குரல், லொலீட்டா ஹாலோவே 1980-இல் பாடிய ஒரு டிஸ்கோ பாட்டிலிருந்து எடுத்தது. முகம், கேத்ரின் கினோல் என்ற மாடல் அழகியுடையது. தகராறு எழுந்தபின் ஹெதர் ஸ்மால் என்ற இளம் பாடகியை வைத்து மறுபடி பதித்தார்கள். பெல்ஜியத்தின் டெக்னோட்ரானிக் குழுவின் முதல் சிங்கிள் ‘பம்ப் அப் த ஜாம்’. பாடியவர் காங்கோவில் பிறந்த யா கிட் கே. உறையிலும் காணொளியிலும் இருந்தவர் ஃபெல்லி என்ற மாடல். இந்தப் பழக்கத்துக்குப் பெரிய இடி 1990 நவம்பரில் விழுந்தது. மில்லி வனில்லி என்ற இரட்டையர் தங்கள் தட்டில் ஒரு வரிகூடப் பாடவில்லை என்பதை அவர்களுடைய ஜெர்மன் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனே ஒத்துக்கொண்டார். கொடுத்த கிராமி விருதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவர்களுடைய தட்டை அமெரிக்காவில் வெளியிட்டதும் அதே அரிஸ்டா நிறுவனம். அதே ஆண்டில், அதே நிறுவனத்தின் இன்னொரு ஜெர்மன் தட்டு, அதே மாதிரி வாயசைப்புக் காணொளியோடு, பட்டியலின் உச்சியருகே போய்வந்திருந்தது. ஸ்னாப் மேல் அந்தக் கோபம் ஏன் விழவில்லை? டர்போ பி பாடியதை டர்போ பியே பாடினார், பென்னி ஃபோர்டும் பிறகு குழுவின் முகமாகவே வெளியே வந்துவிட்டார் என்பது ஒரு காரணம். ஸ்னாப்புக்கு யாரும் கிராமி கொடுத்திருக்கவில்லை என்பது இன்னொன்று.

தரவரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. முதலிடம், இரண்டாமிடம் என்று எண்களைச் சொல்லிக்கொண்டு போகிறோம். இரண்டு நாட்டு எண்களும் ஒரே பொருளைக் குறிப்பன இல்லை. பிரிட்டனில் அன்று காலப் நிறுவனம் கணக்கெடுத்தது. தட்டுக் கடைகளில் வைத்த கருவிகளில் பதிவாகும் விற்பனை மட்டுமே கணக்கு. வானொலி ஒலிபரப்பியதா இல்லையா என்பது அதில் சேராது. நடன விடுதியில் வெள்ளிக்கிழமை இரவு கேட்டவன் சனிக்கிழமை கடைக்குப் போய்ப் பன்னிரண்டு அங்குலத் தட்டை வாங்கினால் போதும், பாட்டு ஏறிவிடும். அமெரிக்கப் பட்டியலில் விற்பனையோடு வானொலி ஒலிபரப்பும் சேரும். அதுவும் 1991 நவம்பர் வரை, கடைக்காரர்களும் நிலையத்தாரும் தாங்களாகச் சொல்லும் விவரத்தை நம்பித்தான் பட்டியல் போட்டார்கள். ராப்பும் முழக்கமுமாக இருக்கும் ஒரு ஐரோப்பியத் தட்டை அந்த ஊர் வானொலி நிலையங்கள் பகல் நேரத்தில் போடச் சம்மதிப்பது எளிதில்லை. அதனால் பிரிட்டனின் முதலிடத்தைவிட அமெரிக்காவின் இரண்டாமிடத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

பிரிட்டனில் ‘தி பவர்’ யாரை இறக்கிவிட்டு ஏறியது என்பதும் சுவையான செய்தி. அதற்கு முன் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது பீட்ஸ் இன்டர்நேஷனல் குழுவின் ‘டப் பி குட் டு மீ’. பிறகு ஃபேட்பாய் ஸ்லிம் என்று பேரெடுத்த நார்மன் குக் செய்தது. அதுவும் ஒட்டுவேலை, பாட்டு எஸ்.ஓ.எஸ். பாண்டுடையது, கீழே ஓடும் பேஸ் கிட்டார் தி கிளாஷ் குழுவுடையது. ஆக 1990 மார்ச் தொடங்கி ஆறு வாரம் அந்த நாட்டின் உச்சியில் இருந்தவை இரண்டும் பழைய தட்டுகளை வெட்டிச் செய்தவை. அதன்பின் மடோனா ‘வோக்’ பாட்டோடு வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டார்.

சரி, வெட்டி ஒட்டியவர்கள் அந்த ஆண்டில் ஆயிரம் பேர். இது மட்டும் ஏன் ஓடிற்று? என் காதுக்குப் பட்டதைச் சொல்கிறேன். வேகம் குறைவு. நிமிடத்துக்கு ஏறத்தாழ 109 அடி. பின்னால் வந்த யூரோடான்ஸ் பாட்டுகள் 130, 140 என்று ஓடும், இது நடக்கும். அந்த நிதானத்தில் ஒவ்வொரு அடியும் கனமாக விழுகிறது. ராப்புக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. பெண்குரல் எழும்போது தாளம் ஒதுங்கி வழிவிடுகிறது. குரல் முடிந்ததும் முழு எடையோடு திரும்பி வந்து விழுகிறது. டிஜேயாக நின்று கூட்டத்தைப் பார்த்தவன் செய்த வேலை அது. எந்த நொடியில் நிறுத்தினால் எல்லாக் கையும் மேலே போகும் என்று தெரிந்தவன். பாட்டில் சொல்லும் பெரிதில்லை. தன்னிடம் ஆற்றல் உண்டு என்ற செய்தி உலகில் எந்த மொழிக்காரனுக்கும் ஒரே கேட்பில் விளங்கும். அதனால்தான் விளையாட்டு அரங்கிலும் விளம்பரத்திலும் அது இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறது. 2003-இல் வந்த ‘புரூஸ் ஆல்மைட்டி’ படத்தில் கடவுளின் சக்தி கிடைத்த ஜிம் கேரி தெருவில் மார் நிமிர்த்தி நடக்கும்போது இதைத்தானே போட்டார்கள்!

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். ஸ்னாப்புக்கு ‘ஊப்ஸ் அப்’ முதலான வெற்றிகள் தொடர்ந்தன. பென்னி ஃபோர்ட் விலகினார். 1992-இல் தியா ஆஸ்டின் பாடிய ‘ரிதம் இஸ் எ டான்சர்’ பிரிட்டனில் ஆறு வாரம், ஜெர்மனியில் பத்து வாரம் முதலிடத்தில் இருந்தது. வெற்றியைக் கணக்கிட்டால் அது ‘தி பவர்’ பாட்டைவிடப் பெரிது. டர்போ பியும் போனார். பாடகிகள் மாறி மாறி வந்தார்கள், குழுவின் பெயர் மட்டும் மாறவில்லை. அந்தப் பெயர் தயாரிப்பாளர்களுடையது.

அச்சை எடுத்துக்கொண்டவர்கள் என்று சொன்னேனே, அவர்களைப் பாருங்கள். அதே பிராங்க்ஃபர்ட்டிலிருந்து கல்ச்சர் பீட் வந்தது. உருவாக்கியவர் டோர்ஸ்டன் ஃபென்ஸ்லாவ். அவரும் டோரியன் கிரேயில் டிஜே. பாடியவர் டானியா எவன்ஸ். ராப் ஜே சுப்ரீம், அவரும் அமெரிக்க ராணுவத்தில் இருந்து வந்தவர். 1993-இல் ‘மிஸ்டர் வெய்ன்’ பிரிட்டனில் முதலிடம். ஐம்பதுகளுக்குப் பிறகு, ஏழு அங்குலத் தட்டாக வெளிவராமலே அங்கே முதலிடம் பிடித்த முதல் பாட்டு அதுதான். அந்த வெற்றியின் சூடு ஆறுவதற்குள், அதே ஆண்டு நவம்பரில், ஃபென்ஸ்லாவ் கார் விபத்தில் இறந்துபோனார். லா பூஷ் குழுவில் மெலனி தார்ன்டனோடு ராப் பாடிய லேன் மெக்ரே அமெரிக்க விமானப்படைக்காரர். கேப்டன் ஹாலிவுட் என்பவரும் ராணுவத்தில் இருந்தவர். முகாம் விட்டு வந்த ஓர் ஆண், கூட ஒரு பெண், பின்னால் ஜெர்மன் தயாரிப்பாளர்: எத்தனை தட்டு இந்த ஒரே கணக்கில்! ஆண் ராப், பெண்குரல் என்ற அளவில் பெல்ஜியத்தின் 2 அன்லிமிட்டெட் குழுவும் இதே வரிசைதான். பிரிட்டனில் அவர்களுடைய தட்டை வெளியிட்டவர்கள் மட்டும் ராப்பை வெட்டி எறிந்துவிட்டுப் பெண்குரலை வைத்துக்கொண்டார்கள்.

வெட்டி ஒட்டும் பழக்கத்துக்கும் விரைவில் கடிவாளம் விழுந்தது. 1991 டிசம்பரில் பிஸ் மார்க்கி என்ற ராப்பர் கில்பர்ட் ஓ’சல்லிவனின் பாட்டை அனுமதியில்லாமல் எடுத்த வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் கடுமையான தீர்ப்புக் கொடுத்தது. அதன்பின் எந்த நிறுவனமும் சாம்பிளுக்கு எழுத்தில் அனுமதி இல்லாமல் தட்டு அடிக்கத் துணியவில்லை. இன்னொரு பக்கம், பிளாக் பாக்ஸ் முதலான குழுக்களுக்குப் பெயரில்லாமல் குரல் கொடுத்த மார்த்தா வாஷ் வழக்குப் போட்டு, பணமும் பெயரும் வாங்கினார். பாடியவர் பெயரை உறையில் போடவேண்டும் என்ற வழக்கம் உறுதிப்பட்டதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. ஜோஸ்லின் பிரவுன் லண்டனில் பாடிக்கொண்டிருந்தார். 1991-இல் இன்காக்னிட்டோ குழுவோடு அவர் பாடிய ‘ஆல்வேஸ் தேர்’ பிரிட்டனில் 6-ஆம் இடம் வரை போயிற்று. அந்தத் தட்டில் அவர் பெயர் இருந்தது.

நேரம் ஆகிவிட்டது. ஒலிபெருக்கி வைத்திருக்கும் தம்பியிடம் மூன்று பாட்டு கொடுத்திருக்கிறேன். முதலில் ஜோஸ்லின் பிரவுனின் 1985-ஆம் ஆண்டுப் பாட்டு. இடையில் எங்கே அந்த முழக்கம் வருகிறது என்று நீங்களே பிடியுங்கள், நான் கைகாட்ட மாட்டேன். அடுத்தது சில் ராப் ஜி. கடைசியில் ஸ்னாப். கேட்டு முடித்ததும் கேள்விகளுக்குப் போவோம். முன்வரிசையில் சிரித்தவர் முதல் கேள்வியைக் கேட்கட்டும்.